இடுக்கில் நிற்கும் தண்ணீர்: அடைமிதிப்பான்குளம் குவாரிச் சரிவை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மே 14, சனிக்கிழமை இரவு. திருநெல்வேலி மாவட்டம் முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளத்தில் உள்ள கல்குவாரியின் அடியில் ஹிட்டாச்சியும் லாரியுமாகக் கல் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் ஆழம் சுமார் 300 அடி. நள்ளிரவை ஒட்டி மேலேயிருந்து பாறை சரிந்து விழுந்தது. ஆறு பேர் சிக்கிக்கொண்டார்கள். இருவர் பிழைத்தார்கள், நால்வர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தும் வேலை நாள்கணக்கில் நீண்டது. விழுந்த பாறையின் பருமன் ஒரு காரணம். மேலே இன்னும் பாறை உதிர்ந்துகொண்டே இருந்ததால் கீழே ஆள் இறங்க முடியாமல் போனது இன்னொரு காரணம்.

அந்த இரவுக்கு யார் பொறுப்பு என்பது விசாரணை செய்பவர்களின் வேலை. இங்கே பார்ப்பது ஒன்றைத்தான்: நெல்லைச் சமவெளியில் பொத்தை எனப்படும் ஒரு சிறு பாறைக்குன்றைக் குடைந்து நூற்றுக்கணக்கான அடி கீழே போகும்போது, ஆயிரக்கணக்கான டன் எடையைச் சுமந்து நிற்கக்கூடிய கருங்கல் ஏன் திடீரென்று கழன்று விழுகிறது? "நல்ல நீலக்கல், ஒண்ணும் ஆகாது" என்று குவாரிகளில் சொல்வார்கள். கல் நல்ல கல்தான். சரிவில் கல் உடைவதில்லை என்பதுதான் சிக்கல்.

கல்லும் அதன் இடுக்குகளும்

இந்த வட்டாரத்துக் குவாரிகளில் கிடைப்பவை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும். பூமியின் மேலோட்டுக்குள் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள் இவை. புதிய சார்னோக்கைட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன் எடை. அதை நொறுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்தால் 300 அடிச் சுவர் தன் சொந்த எடையில் நசுங்க வழியே இல்லை.

ஆனால் பொத்தை ஒற்றைக் கல் இல்லை. அதற்குள் மூன்று வகைப் பிளவுகள் ஓடுகின்றன. முதலாவது, நிலமட்டத்துக்கு ஏறக்குறைய இணையாகப் படலம் படலமாக உரிந்து நிற்கும் பிளவு. மேலிருந்த பாறைச்சுமை காலப்போக்கில் அரித்துப் போனதும், அழுந்திக் கிடந்த பாறை மேல்நோக்கி விரிந்ததால் வந்தது இது. மேற்பரப்பில் நெருக்கமாகவும் ஆழத்தில் இடைவெளி விட்டும் இருக்கும். இரண்டாவது, நைஸின் கறுப்பு வெள்ளை வரிகளோடு சேர்ந்து போகும் பிளவு. மூன்றாவது, இவற்றைக் குறுக்கே வெட்டும் செங்குத்துப் பிளவுகள். மூன்றும் சேர்ந்து பொத்தையைப் பலகைகளாகவும் பெட்டிகளாகவும் ஏற்கெனவே அறுத்து வைத்திருக்கின்றன. பலகையின் சாய்வு பள்ளத்தைப் பார்த்து இருந்து, அதன் அடி விளிம்பையும் குவாரி வெட்டிவிட்டால், அந்தப் பலகையை நிறுத்தி வைத்திருப்பது இரண்டே விஷயங்கள்: பிளவுப் பரப்பின் உராய்வு, ஆங்காங்கே பிளவு முழுதாக ஓடாமல் விட்டுப்போன பாறை ஒட்டு. வெடி ஒவ்வொன்றும் இந்த ஒட்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது.

எதிர்ச் சுவரில் அதே பிளவு பள்ளத்தை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். ஆகையால் ஒரே குவாரியில் ஒரு சுவர் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்பதும், எதிர்ச் சுவர் மழைக்கு மழை உதிர்வதும் வியப்பில்லை. குவாரி எந்தத் திசையில் முன்னேறுகிறது என்று சொல்லாமல் "இந்தக் கல் பாதுகாப்பானது" என்று சொல்வதற்கு அர்த்தமே கிடையாது.

சிதைவு எங்கே நடக்கிறது

வெடித்த ஒரு குண்டுக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். நடுவில் எண்ணெய் தடவியதுபோல் நீலச்சாம்பல் நிறம். ஒரு முகத்தில் மட்டும் விரற்கடை கனத்துக்குத் துருப்பிடித்த பழுப்புப் பட்டை. அந்த முகத்தை நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும், இடையிடையே பொன்னிறமாக மின்னும் மைக்காச் சில்லுகள் வரும். அந்த முகம்தான் பழைய பிளவுப் பரப்பு.

நடந்தது இது: மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பிளவில் ஊறி நிற்கும்போது பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைத் தாக்கி, பொட்டாசியம், சோடியம், கால்சியத்தைக் கரைத்து இழுத்துப் போய், கயோலின் என்ற வெள்ளைக் களியை விட்டுவைக்கிறது. பைராக்சீன், கறுப்பு மைக்கா ஆகிய கனிமங்களில் உள்ள இரும்பு துருவாகிறது. கறுப்பு மைக்கா நீரேறி ஏடு ஏடாக உப்பும்போது சுற்றியுள்ள மணிகளைத் தள்ளிப் பிரிக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் அப்படியே மணலாகக் கிடக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் இதெல்லாம் முற்றினால் பாறை சரளாகி, பிறகு செம்மண்ணாகிறது. நடுவில் சிதையாமல் மிஞ்சும் உருண்டைகளைத்தான் பொத்தை உச்சிகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பார்க்கிறோம்.

பொறியாளர்கள் இந்தச் சிதைவை ஆறு தரமாகப் பிரிப்பார்கள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிப்பது முதல் தரம். பிளவு முகத்தில் மட்டும் நிறம் மாறியிருந்தால் இரண்டாவது. பாதிக்கும் குறைவாக மண்ணாகியிருந்தால் மூன்றாவது, பாதிக்கு மேல் என்றால் நான்காவது. பாறையின் வரிகள் கண்ணுக்குத் தெரிந்தும் கையால் பிசைந்தால் மண்ணாக உதிர்வது ஐந்தாவது, வரியும் அழிந்த வெறும் மண் ஆறாவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மாஞ்சோலை, நாலுமுக்கு பக்கம் மழை மிகுதி, சிதைவும் ஆழம். அங்கே சாலையோர வெட்டுகளில் நான்கும் ஐந்தும் தரம் சாதாரணம். அது மண்ணாகவே வழுக்கி வரும், யாருக்கும் சந்தேகம் வராது. சமவெளிக் குவாரியில் சில மீட்டர் மேல்மண்ணைத் தள்ளியதும் முதல் தரமும் இரண்டாம் தரமும் வந்துவிடும். ஏமாற்றுவது இந்த இரண்டாம் தரம்தான். கிரஷருக்கு அது முதல்தரக் கல். சுவருக்கோ, ஒவ்வொரு பலகைக்கும் அடியில் சில மில்லிமீட்டர் களியும் துருவும் தடவி வைத்திருக்கும் நிலை. ஆய்வகத்தில் கல்லின் நடுப்பகுதியை அறுத்துச் சோதித்துக் கொடுக்கும் வலிமை எண், சுவர் நிற்குமா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

250 லிட்டர் தண்ணீர் என்ன செய்யும்

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடலாம். பள்ளத்தைப் பார்த்து 30 பாகை சாய்ந்த ஒரு பிளவு. அதன்மேல் சரிவு வழியாக 10 மீட்டர் நீளமும், செங்குத்தாக 4.3 மீட்டர் கனமும் கொண்ட ஒரு பாறைப் பலகை. பின்னால் செங்குத்து வெடிப்பு ஒன்று பலகையை மலையிலிருந்து பிரிக்கிறது. சுவர் ஓரமாக 1 மீட்டர் அகலத்துக்கு இதன் எடை ஏறக்குறைய 100 டன். அதில் சரிவு வழியே கீழே இழுக்கும் பங்கு 50 டன். பிளவை அழுத்திப் பிடிக்கும் பங்கு 86.6 டன். பாறை ஒட்டு எல்லாம் ஏற்கெனவே அறுந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்.

பிளவு சிதையாமல் சொரசொரப்பாக இருந்து உராய்வுக் கோணம் (எவ்வளவு சாய்வு வரை மேலுள்ள கல் உராய்வால் மட்டும் வழுக்காமல் நிற்கும் என்ற அளவு) 38 பாகை என்றால், தாங்கும் திறன் 67.7 டன். இழுப்பு 50. தாங்கும் திறனை இழுப்பால் வகுத்தால் வரும் பாதுகாப்புக் காரணி 1.35. உலர்ந்த நிலையில் பலகை பத்திரமாக நிற்கும்.

இப்போது பின் வெடிப்பில் தண்ணீர் நிற்கட்டும். தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. பலகையைப் பின்னாலிருந்து வெளியே தள்ளுகிறது. அடிப்பிளவில் புகுந்து பலகையைத் தூக்கி, உராய்வுக்குக் கிடைக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. இரண்டாவதுதான் பெரிய சேதம். 2 மீட்டர் தண்ணீர் நின்றால் காரணி 1.14. 3 மீட்டர் என்றால் 1.00, அதாவது விளிம்பு. 4 மீட்டரில் 0.86, பலகை நிற்காது.

அதே பலகை, அதே சாய்வு. பிளவு முகம் மட்டும் சிதைந்து, உராய்வுக் கோணம் 38-லிருந்து 32 பாகைக்கு இறங்கியதாக வைப்போம். உலர்ந்த நிலையிலேயே காரணி 1.08-தான். 1 மீட்டர் தண்ணீர் வந்தாலே 1.01. புதிய பாறைக்கு 3 மீட்டர் தேவைப்பட்ட இடத்தில் சிதைந்த பாறைக்கு ஒரு மீட்டர் போதும். களி இன்னும் தடித்து 25 பாகைக்கு வந்துவிட்டால் தண்ணீரே வேண்டாம், காரணி 0.81. மிஞ்சியிருக்கும் ஒட்டு ஒன்றுதான் அந்தப் பலகையைப் பிடித்திருக்கும். சிதைவையும் தண்ணீரையும் தனித்தனிக் காரணங்களாக எழுதும் அறிக்கைகள் இங்கேதான் தவறுகின்றன. சிதைவு, எவ்வளவு தண்ணீர் போதும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எவ்வளவு தண்ணீர் என்பதையும் பார்த்துவிடலாம். பின் வெடிப்பின் அகலம் 5 மில்லிமீட்டர், சுவர் ஓரமாக 10 மீட்டர் நீளம் என்றால், 3 மீட்டர் உயரத்துக்கு நிரப்ப 150 லிட்டர் போதும். அடிப்பிளவு 1 மில்லிமீட்டர் திறந்திருந்தால் அதற்கு இன்னொரு 100 லிட்டர். மொத்தம் 250 லிட்டர், பதினாறு பதினேழு பிளாஸ்டிக் குடம். அந்தத் தண்ணீர், 10 மீட்டர் அகலத்துக்கு 1,000 டன் எடையுள்ள பலகையைப் பின்னாலிருந்து 45 டன் விசையோடு தள்ளும், அடியிலிருந்து 150 டன் விசையோடு தூக்கும். அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது, கொள்ளளவைப் பொறுத்ததில்லை. குறுகிய வெடிப்பு என்பதால் அபாயம் குறைவு என்று நினைப்பது நேர்மாறான முடிவு: குறுகியதுதான் சீக்கிரம் நிரம்பும்.

உச்சியில் 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தில் 8 மில்லிமீட்டர் மழை பெய்தால் 240 லிட்டர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததைப்போன்ற பெருமழை இதற்குத் தேவையில்லை. அந்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டரும் பாளையங்கோட்டையில் 44 சென்டிமீட்டரும் பதிவாயின. அப்படிப்பட்ட நாளில் யாரும் குவாரிக்குள் இறங்கப்போவதில்லை. ஆளைக் கொல்வது, வேலையை நிறுத்தத் தோன்றாத அளவு மழைதான்.

வெயிலும் கோடை மழையும்

விபத்து நடந்தது மே மாதம். "மழைக்காலம்கூட இல்லையே" என்ற கேள்வி எழும். பாறைச் சரிவுக்கு நாள்காட்டி கிடையாது. நெல்லைச் சமவெளி மலையின் மழை மறைவில் இருப்பதால் முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்னும் பின்னும் வெயில் தன் பங்கைச் செய்கிறது. 10 மீட்டர் நீளப் பாறைப் பரப்பு பகலுக்கும் இரவுக்கும் இடையே 20 பாகை சூடாகிக் குளிர்ந்தால் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். இது மேல் அரை மீட்டர் அளவுக்குத்தான் எட்டும். ஆனால் சுருங்கி வெடிப்பு திறக்கும்போது உச்சியிலிருந்து சரளும் தூசியும் உள்ளே விழுந்து ஆப்பாக உட்கார்ந்துகொள்கின்றன. மறுபடி விரியும்போது பலகை பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமல் வெளிப்பக்கமாக ஒரு துளி நகர்கிறது. வெடிப்போரம் முளைத்த வேம்பும் ஆலும் சீமைக்கருவேலமும் வேரால் இதையேதான் செய்கின்றன. மரம் பட்டுப்போனபின் அந்த வேர்த்தடமே தண்ணீர் இறங்கும் குழாய்.

சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழை இப்படித் திறந்து கிடக்கும் வெடிப்பில் நேராக இறங்குகிறது. காய்ந்த களி நீரேறி உப்புகிறது. அடியில் வெளியேறும் வழியை வெடித்தூசி அடைத்திருந்தால், மழை விட்டு வெயில் காய்ந்தபின்னும் உள்ளே தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். சார்னோக்கைட்டுக்குள் தண்ணீர் ஊறிப் போவதில்லை. பிளவு வழியாக மட்டுமே போக வேண்டும் என்பதால் அழுத்தம் உச்சத்துக்கு வருவது மழை நின்று சில மணி நேரமோ சில நாளோ கழித்து. "மழை விட்டாச்சு, இறங்கலாம்" என்பதுதான் குவாரிகளில் எடுக்கப்படும் முடிவுகளிலேயே ஆபத்தானது.

இன்னொரு பழக்கம் தை மாதத்துக்குரியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் குளமாக நிரம்பியிருக்கும். வேலை தொடங்கும் அவசரத்தில் பெரிய மோட்டார்களை வைத்து இரவும் பகலும் இறைத்துவிடுவார்கள். பள்ளத்தில் நின்ற தண்ணீர் அதுவரை சுவரை எதிர்ப்பக்கமிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கிவிட, சுவருக்குள் பிளவுகளில் உள்ள தண்ணீரோ அதே வேகத்தில் இறங்காது. தாங்கல் போய்விட்டது, தள்ளல் இருக்கிறது. அடுத்தடுத்த பாசனக் குளங்கள் நிறைந்து நிலத்தடி நீர்மட்டமும் ஏறியிருக்கும் நேரம் வேறு. படிப்படியாக இறைத்து, புதிதாக வெளிப்படும் சுவரில் கசிவு குறைந்தபின் அடுத்த படிக்கு இறங்குவதே முறை.

பெஞ்ச் என்ற எளிய கணக்கு

1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106-ஆவது விதி திறந்தவெளி வெட்டுகளைப் பற்றியது. கடினப் பாறையில் ஒரு பெஞ்சின், அதாவது சுவரில் வெட்டும் ஒரு படியின், உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. மண், சரள் போன்ற இளகிய மேல்பகுதிக்கு இன்னும் கடுமை: 45 பாகைக்கு மிகாத சரிவு, அல்லது 1.5 மீட்டருக்கு மிகாத உயரமும் அதற்குக் குறையாத அகலமும் கொண்ட படிகள். வெட்டின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ தளர்ந்த கல்லோ இருக்கக் கூடாது. அடியைக் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது. தமிழ்நாட்டில் குவாரித் திட்டங்கள் பெரும்பாலும் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்றே போடப்படுகின்றன.

காகிதத்தில் இருக்கும் இந்தக் கணக்கை நிலத்தில் போட்டுப் பார்த்தால் சுவாரசியமான விடை வரும். உயரமும் அகலமும் சமமாக இருந்தால் சுவரின் மொத்தச் சாய்வு ஏறக்குறைய 45 பாகை. ஒரு ஹெக்டேர் சதுரக் குத்தகை, பக்கம் 100 மீட்டர் என்று வைப்போம். எல்லையில் இருபுறமும் 7.5 மீட்டர் விட்டால் 85 மீட்டர். அடியில் ஹிட்டாச்சியும் டிப்பரும் திரும்ப 20 மீட்டராவது வேண்டும். மிஞ்சுவது 65, பக்கத்துக்கு 32.5. ஆகவே ஏறத்தாழ 32 மீட்டர், நூற்றுச் சொச்சம் அடி வரைதான் ஒழுங்காக இறங்க முடியும். லாரி இறங்கும் சரிவுப்பாதைக்கு இன்னும் இடம் கழிக்க வேண்டும். சிறிய குத்தகையில் இதற்கு மேல் ஆழம் போயிருந்தால் பெஞ்ச் எங்கோ சாப்பிடப்பட்டிருக்கிறது என்று பொருள். அளவு நாடாவும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும் இதைக் கண்டுபிடிக்க.

பெஞ்ச் இல்லாத நெடுஞ்சுவரில் மூன்று கேடுகள் சேர்ந்து வருகின்றன. 5 மீட்டர் பெஞ்சில் வெட்டுப்படாமல் தப்பும் நீளமான பிளவு, 60 மீட்டர்ச் சுவரில் முழுதாக வெளிப்படும். பின் வெடிப்பில் நிற்கக்கூடிய தண்ணீரின் உயரம் கூடும், தள்ளும் விசையோ உயரத்தின் வர்க்கமாகக் கூடும். விழும் கல் நடுவில் தங்க இடமில்லாமல் நேராக அடித்தளத்துக்கு வரும். மீட்புப் பணியின்போது சரிவு தொடர்ந்ததும் இந்த வகைச் சுவரில் எதிர்பார்க்க வேண்டியதே. ஒரு பலகை போனதும் அதற்கு மேலிருந்ததன் அடித்தாங்கல் போய்விடுகிறது, பக்கத்துப் பலகையின் ஓரமும் திறந்துகொள்கிறது.

என்ன செய்யலாம், எந்த வரிசையில்

வேலை உச்சியில் தொடங்க வேண்டும். சுவரின் முகத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது கடைசி வேலை. விளிம்பிலிருந்து பின்னால் போய், புல்லுக்குள் மறைந்திருக்கும் வெடிப்புகளைத் தேட வேண்டும். விளிம்புக்கு இணையாக ஓடுவதுதான் கவலைக்குரியது. கண்டதும் களிமண்ணை இட்டுக் கெட்டித்து வாயை மூடி, அதற்கும் பின்னால் நல்ல நிலத்தில் வாய்க்கால் வெட்டி, உச்சித் தண்ணீரைக் குவாரிக்கு வெளியே திருப்ப வேண்டும். வாய்க்காலை வெடிப்புக்கு முன்னால், விளிம்பு ஓரமாக வெட்டுவது பரவலான தவறு. அது தண்ணீரை வெடிப்புக்கே கொண்டுபோய் ஊற்றும். சிமென்ட் பூசாத வாய்க்கால் பாறைப் பிளவைக் கடந்தாலும் இதே கதி.

அடுத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே விடுவது. 75 முதல் 100 மில்லிமீட்டர் துளைகளை, வெளிவாய் தாழ்ந்திருக்கும்படி 5 பாகை மேல்நோக்கிச் சாய்த்து, சுவரின் அடியில் போட வேண்டும். துளை எத்தனை என்பதைவிட, அது பிளவைக் குறுக்கே வெட்டியதா என்பதுதான் முக்கியம். பிளவை வெட்டாத இருபது துளை உலர்ந்தே கிடக்கும், வெட்டிய ஒன்று சரசரவென்று ஊற்றும். சுவர் முழுக்கச் சிமென்ட் கலவை தெளித்துத் துளை விடாமல் மூடுவது, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட மோசம்.

தளர்ந்த கல்லைத் தட்டி இறக்குவது மேலிருந்து கீழாக. கீழே நின்று ஹிட்டாச்சிக் கையை நீட்டி அடிக்கல்லை இழுத்தால், மேலே உள்ளது ஓட்டுநர் அறையின்மேல்தான் வரும். தட்டி இறக்கி முடிக்காத சுவருக்கு அடியில் இரவு வேலை வைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய விளக்கு போட்டாலும் அது தளத்தைத்தான் காட்டும், உச்சி இருட்டிலேயே இருக்கும். பகலில் முன்கூட்டி உதிரும் சிறு சல்லியை ஒருவர் கவனித்துக் கத்த முடியும்.

கசிவைப் படிக்கப் பழக வேண்டும். தெளிந்த கசிவு நல்லது, தண்ணீர் வெளியேறுகிறது. கலங்கிய பழுப்புக் கசிவு புதிதாகத் தொடங்கினால் பிளவுக் களி அரித்துக்கொண்டு வருகிறது. எப்போதும் கசிந்த இடம் மழைக்குப் பின் திடீரென்று காய்ந்துபோனால் அதுதான் மிக மோசம்: வாய் அடைபட்டு, உள்ளே மட்டம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

வெடிப்பை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இருபுறமும் ஒவ்வொரு இரும்புக் கம்பியைத் துளையிட்டுச் சிமென்ட் வைத்து இறுக்கி, தலையில் ஒரு புள்ளி குத்தி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தினமும் ஒரே நேரத்தில், அதிகாலையில், மில்லிமீட்டரில் எழுதி வைத்தால் போதும். நேரம் மாறினால் வெப்பத்தால் வரும் ஏற்ற இறக்கம் கணக்கைக் குழப்பிவிடும். தினமும் சம அளவில் கூடினால் காரணத்தைத் தேட நேரம் இருக்கிறது. நேற்றைவிட இன்று, இன்றைவிட நாளை என்று கூடும் அளவே கூடிக்கொண்டு போனால் காரணம் தேட வேண்டியதில்லை: ஆளையும் வண்டியையும் அன்றைக்கே வெளியேற்றி, அடித்தளத்துக்கு இறங்கும் பாதையைக் கல் போட்டு அடைத்துவிட வேண்டும். அளவு மூன்று நாள் தொடர்ந்து அசையாமல் நின்று, துளைகளில் வரத்தும் குறைந்தபின் உச்சியிலிருந்து மட்டும் வேலையைத் தொடங்கலாம். அந்தப் பலகையை மேலிருந்தே உடைத்து இறக்கும் வரை அதன் அடியில் கல் அள்ளும் பேச்சே வேண்டாம்.